கைதட்டல் நீக்கிய நான்கு மணி நேரம்

ஜனவரி 5

அன்புள்ள சகலை தம்பிக்கு,

இங்கே நானும் இவளும் சுகம். என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. அங்கே உங்கள் இருவர் சுகத்துக்கும் எழுதவும்.

இந்த மாதத்து சிடி டப்பா வரவில்லை. போன மாதத்து டப்பாவும் வரவில்லை என்பதை நாகரிகம் கருதி அப்போது எழுதாமல் விட்டேன். ரயில்வேயில் கால அட்டவணைப் பிரிவில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்தவன் நான். இரண்டு மாதம் வராத வண்டிக்குத் தாமதம் என்று போர்டு போட முடியாது. ரத்து என்றால் ரத்து என்று சொல்லிவிடுங்கள், பிளாட்பாரத்தில் நிற்கிறவன் வீட்டுக்காவது போவான்.

உங்களுக்கு மறந்திருக்காது, இருந்தாலும் எழுதுகிறேன். அக்காளையும் தங்கையையும் கட்டிய நம் இருவருக்குமே கச்சேரிப் பைத்தியம் என்று தெரிந்தபோது ஓர் ஒப்பந்தம் போட்டோம். எந்த சிடித் தொகுப்பு வந்தாலும் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றுதான். ஒற்றைப்படைத் தட்டுகள் என்னிடம், இரட்டைப்படைத் தட்டுகள் உங்களிடம். மாதத்தின் முதல் வாரம் தபாலில் மாற்றிக்கொள்வது. இருபத்து மூன்று வருடமாக ஒரு கச்சேரியைக்கூட நான் ஒரே மாதத்தில் முழுசாகக் கேட்டதில்லை. ஆலாபனை ஒரு மாதம், பாட்டு மறு மாதம்.

அப்போது அது விளையாட்டு. இவர்கள் அம்மா போனதிலிருந்து அக்காளுக்கும் தங்கைக்கும் பேச்சு வார்த்தை இல்லை. ஆறு வருடம் ஆகிறது. நாம் போனில் பேசினால் இரண்டு வீட்டிலும் காது நீள்கிறது. தூது போகிறோம் என்று இருவருக்கும் கோபம். பாட்டு விஷயம் என்பதால் டப்பாவுக்குள் வரும் இந்தக் காகிதத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். இதுவும் நின்றால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒன்றுமே மிச்சமில்லை. என் பயம் அதுதான்.

இவள் எதுவும் கேட்பதில்லை. ஆனால் நான் டப்பாவைப் பிரிக்கும்போது சமையலறையில் வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றுவிடும். கடிதத்தை நான் உரக்கப் படித்து முடித்த பிறகுதான் கத்தி மறுபடி ஓடும். இரண்டு மாதமாகக் கத்தி நிற்கவே இல்லை, தம்பி.

சின்னவளுக்கு என் ஆசிகள்.

உங்கள் மூத்த சகலை

*

ஜனவரி 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லாரும் நலம். உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் தவறாமல் கொடுக்கவும்.

தாமதத்துக்கு மன்னியுங்கள். நீங்கள் கேட்டபடி சொல்லிவிடுகிறேன், ரத்துதான். என்னிடம் இருக்கும் இரட்டைப்படைத் தட்டுகள் எல்லாவற்றையும் பெட்டியில் கட்டி இத்துடன் அனுப்புகிறேன். இனி நீங்களாவது கச்சேரிகளை முழுசாகக் கேளுங்கள்.

வேறு காரணம் ஒன்றும் இல்லை. வீட்டில் இடம் போதவில்லை, அலமாரியை வேறு சாமான்களுக்கு ஒழிக்க வேண்டியிருந்தது. சிடி ஓட்டும் பெட்டியும் ரிப்பேர். போனில் ஸ்ட்ரீமிங் என்று ஒன்று வைத்துக்கொண்டேன். மாதாமாதம் கட்டினால் எல்லாப் பாட்டும் வருகிறது. பஸ்ஸில், கடையில், வரிசையில் நிற்கும்போது, எங்கே வேண்டுமானாலும் கேட்கலாம். உட்கார்ந்து கேட்க எனக்கு இப்போது நேரம் கிடைப்பதில்லை.

கடையில் வேலை அதிகம். ஒரு நாளைக்கு நாற்பது கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிறேன். சாயங்காலம் என் கண்ணே எனக்குச் சொன்னபடி கேட்பதில்லை.

அக்காவுக்கு வணக்கம்.

தம்பி

*

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் நலம் என்று எழுதியிருந்தீர்கள், சந்தோஷம். இங்கே நான் நலமில்லை. காரணம் உங்கள் பெட்டி.

அதை நான் பிரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். இரட்டைப்படை உங்களுடையது, நான் வெறும் காவலாளி.

சரி, கிழவன் காலத்துக்கு ஒத்துவராதவன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது அல்லவா? மாடி வீட்டுப் பல் டாக்டரிடம் போய் அவர் போனில் உங்கள் ஸ்ட்ரீமிங்கைக் கேட்டேன். தோடி ராகம் என்று கேட்டதும் தோடி வந்தது, மறுக்கவில்லை. ஆலாபனை முடிந்து பாட்டு எடுக்கிற அந்த நொடியில் ஒரு பெண் வந்து தலைமுடிக்கு எண்ணெய் விற்றாள். காசு கட்டினால் அவள் வரமாட்டாளாம். பாடியவர் பெயர் இருந்தது. மிருதங்கக்காரர் யார், எந்த வருஷம், எந்த மேடை, ஒரு தகவலும் இல்லை. பாட்டு முடிந்ததும் 'உங்களுக்கு இதுவும் பிடிக்கலாம்' என்று அதுவாகவே ஒரு மணி நேரம் மழைச் சத்தம் போட்டது. மழைச் சத்தம்! இருபத்து மூன்று வருடக் கேள்வி ஞானத்தை இதற்கா தம்பி கொண்டுபோய்க் கொடுத்தீர்கள்?

கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கடிதத்தை இவளிடம் படித்துக் காட்டினேன். "அங்க எல்லாரும் நலமாம்" என்றேன். "நான் கேட்டேனா?" என்றாள். பிறகு ஏதோ பாத்திரம் தேடுகிறவள் போல அலமாரியைத் திறந்து, "எந்தச் சாமானுக்கு அலமாரியை ஒழிச்சாங்களாம்?" என்றாள்.

ஆறு வருடத்துக்கு முன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாலு நாளும் இவள் சின்னவளுக்குச் சொல்லவில்லை. அவள் பரீட்சைப் பேப்பர் திருத்தப் போயிருந்தாள், தொந்தரவு வேண்டாம் என்றாள். சின்னவள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "என்னை ஏன் கூப்பிடல?" என்று அவள் கேட்டதற்கு இவள், "அதான் நான் இருந்தேனே" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான் இத்தனை வருடம் ஓடுகிறது. அதை நானும் நீங்களும் சரிசெய்ய முடியாது. டப்பாவை அனுப்ப மட்டும்தான் முடியும். அதையும் நிறுத்திவிட்டீர்கள்.

பதில் எழுதவும்.

உங்கள் மூத்த சகலை

*

மார்ச் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். எல்லாரும் நலம். ஆறு வாரமாகப் பதில் எழுத முடியவில்லை. பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறேன்.

ஸ்ட்ரீமிங் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. எனக்கு உபயோகப்படவில்லை. பாட்டு தேவைப்படும் இடம் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. அங்கே போனில் சிக்னல் வருவதில்லை. இரண்டு வரி பாடிவிட்டு நின்றுபோகிறது. சிடிப் பெட்டியை உள்ளே விடமாட்டார்கள்.

கேட்கவே கூச்சமாக இருக்கிறது. உங்கள் தட்டுகளிலிருந்து பாட்டுகளை எடுத்து ஒரு பென் டிரைவில் போட்டு அனுப்ப முடியுமா? சிக்னல் இல்லாமலே போனில் வைத்துக் கேட்கும்படி. டவுன்லோட் செய்து பார்த்தேன். கிடைப்பதெல்லாம் துண்டு துண்டாக இருக்கிறது, ஒன்று உரக்க, ஒன்று மெதுவாக. நீங்கள் பார்த்துக் கோத்துத் தந்தால்தான் சரிப்படும்.

சரியாக நாலு மணி நேரம் வேண்டும். வாரத்தில் மூன்று நாள் உபயோகம். மெதுவான பாட்டாக இருக்கட்டும். இன்னொன்று, கைதட்டல் வேண்டாம். எங்கேயும் கைதட்டல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை விஷயமாகத்தான். வேறொன்றும் இல்லை.

அக்காவுக்கு வணக்கம்.

தம்பி

*

மார்ச் 31

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதி உங்களைச் சோதிக்கப் போவதில்லை. நீங்கள் கேட்டதே எனக்குப் பாதி உடம்பைச் சரிசெய்துவிட்டது.

கடைக்குக் கீழ்த்தளம் கட்டி அங்கே லென்ஸ் தேய்க்கும் மேஜையைப் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. காற்று வருகிறதா? தொடர்ந்து நாலு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் இடுப்பு என்னத்துக்கு ஆகும்? நடுவில் எழுந்து நடங்கள்.

பல் டாக்டரின் கணினியில் ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க உட்கார்ந்து வேலையை முடித்தேன். ஒரு புறப்பாடு, ஒரு சேர்விடம், நடுவில் ஒன்பது நிறுத்தங்கள். முதலில் நம் வெண்கலக் குரல்காரரின் நீண்ட ஆலாபனை, நாற்பத்தாறு நிமிடம். கடைசியில் அவரே, தாலாட்டு மாதிரி ஒன்று. எல்லாம் மெதுவான பாட்டுதான். கணக்குப் பார்த்தால் இருபத்திரண்டு நிமிடம் குறைந்தது. நீங்கள் சரியாக நாலு மணி என்று கேட்டிருக்கிறீர்களே, மூன்று முப்பத்தெட்டில் வண்டியை நிறுத்தினால் என் பெயர் என்ன ஆவது? நல்லதாக ஒரு மிருதங்கத் தனியை நடுவில் வைத்து நிரப்பிவிட்டேன். இப்போது நாலு மணி, பூஜ்யம் நிமிடம், பூஜ்யம் வினாடி.

கைதட்டலை நான் எடுக்கவில்லை, சத்தத்தை மட்டும் குறைத்தேன். அது வித்வானுக்குப் போய்ச்சேர வேண்டியது தம்பி, அதில் கத்தி வைக்க நாம் யார்?

பென் டிரைவை சிடி உறைக்குள் வைத்து அனுப்புகிறேன். டப்பா மறுபடி கிளம்பிவிட்டது என்று இவளிடம் சொன்னேன். "நல்லது" என்றாள். அவள் வாயிலிருந்து வந்த அந்த நல்லதுக்காகவே உங்களுக்கு நாற்பது மணி நேரம்கூடக் கோத்துத் தருவேன்.

உங்கள் மூத்த சகலை

*

ஏப்ரல் 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். பென் டிரைவ் கிடைத்தது. ரொம்ப நன்றி. முதல் ஆலாபனை ஓடிய நாற்பத்தாறு நிமிடமும் நல்ல தூக்கம். பல மாதத்துக்குப் பிறகு அப்படி ஒரு தூக்கம்.

தயவுசெய்து தனி ஆவர்த்தனத்தை எடுத்துவிடுங்கள். கைதட்டலையும் முழுசாக எடுத்துவிடுங்கள். தனி முடிந்து கைதட்டல் வந்ததும் திடுக்கிட்டதில் கையை இழுக்கும்படி ஆகிவிட்டது. இழுக்கக் கூடாத கை. கொஞ்சம் ரத்தம் போனது. உடனே கட்டுப் போட்டுச் சரிசெய்துவிட்டார்கள், பயப்பட ஒன்றும் இல்லை. இடது கையைத்தான் அசைக்கக் கூடாது. தாளம் போட வலது கை இருக்கிறது.

நேரம் நாலு மணிக்குக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. நான் அப்படிக் கறாராகக் கேட்டது தப்பு.

அலுப்பாக இருக்கிறது அண்ணா. வேறு எழுதத் தோன்றவில்லை.

தம்பி

*

ஏப்ரல் 24

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை வழக்கம்போல உரக்கப் படித்தேன். கட்டுப் போட்ட இடம் வந்தபோது இவள் சமையலறையிலிருந்து வந்து கடிதத்தை என் கையிலிருந்து வாங்கினாள். ஆறு வருடத்தில் முதல் தடவை. ஈரக்கையால் வாங்கியதால் மை கொஞ்சம் பரவிவிட்டது.

இவள் இருபத்தெட்டு வருடம் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் மார்ச் மாதக் கடிதத்தையும் எடுத்துவரச் சொன்னாள். இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"நாலு மணி நேரம், வாரத்துல மூணு நாள், ஒரு கையை ஆட்டக் கூடாது, கட்டடத்துக்குக் கீழ. இதுல எங்க லென்ஸ் தேய்க்கறாரு?" என்றாள்.

"தம்பிக்கு ஏதோ..." என்று ஆரம்பித்தேன்.

"அவருக்கு இல்ல. தூங்கும்போது யாராவது கைதட்டினா தூக்கிவாரிப் போட்டு எழுந்திரிக்கறது யாரு? தொட்டில்ல இருக்கும்போதே அப்படித்தான். அவளைத் தூங்க வெச்சுட்டு வீட்டுல ஒருத்தரும் கொசு அடிக்கக் கூடாதுன்னு அம்மா சட்டமே போட்டிருந்தா."

சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கத்திச் சத்தம் கேட்கவில்லை.

நான் ஒரு மடையன். நாலு மணி நேரக் கணக்கில் வினாடி வரைக்கும் பார்த்தேன், எதற்கு நாலு மணி என்று பார்க்கவில்லை. அந்த மிருதங்கத்தை வைத்தவன் நான். அவள் கையிலிருந்து ரத்தம் போனதற்கு நான் காரணம் என்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

சின்னவளுக்கா? ஆமாம், இல்லை, ஒரு வார்த்தை எழுதுங்கள்.

உங்கள் மூத்த சகலை

*

மே 12

தம்பி,

பதில் வரவில்லை. இரண்டு வாரமும் சில நாளும் ஆகிவிட்டன. கோபம் இருந்தால் வெறும் உறையையாவது அனுப்புங்கள், இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்கிறேன்.

சகலை

*

மே 26

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். கோபம் ஒன்றும் இல்லை. சத்தியம் செய்து கொடுத்திருந்தேன், அதை உடைக்க இத்தனை நாள் ஆனது.

ஆமாம், அவளுக்குத்தான். போன நவம்பரில் தெரிந்தது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. டயாலிசிஸ் ஓடுகிறது. அலமாரியை ஒழித்தது மருந்துக்கும் கட்டுத்துணிக்கும்தான். சிடிப் பெட்டி ரிப்பேர் என்று எழுதியது பொய். பஸ்ஸிலும் வரிசையிலும் பாட்டுக் கேட்கிறேன் என்றதும் பொய். பாட்டை நினைக்கவே தெம்பில்லாமல் இருந்தேன்.

அவளுக்கு நம் பாட்டு பிடிக்காது என்பது உங்களுக்கும் தெரியும். "அழற மாதிரியே எத்தனை மணி நேரம் பாடுவாரு?" என்று கேலி செய்வாள். அங்கே மெஷின் சத்தம் தாங்கவில்லை என்று ஒருநாள் என் இயர்போனை வாங்கிக் காதில் வைத்தாள். சிக்னல் போய்ப் போய் வந்தும், கேட்ட மட்டும் தூங்கினாள். இப்போது வெண்கலக் குரல்காரர் இல்லாமல் வண்டியில் ஏறமாட்டேன் என்கிறாள். நான் சொல்லி இருபது வருடம் கேட்காதவள்.

காலையில் அவளைக் கொண்டுபோய் விட்டுக் கடைக்கு ஓடுகிறேன். மதியம் ஓடி வந்து அழைத்துப் போகிறேன். மற்ற நாட்களில் சமையல், துணி, மருந்துக் கடை. குடிக்கும் தண்ணீரைக்கூட அளந்துதான் கொடுக்க வேண்டும். அவள் தாகம் என்று சொல்லும்போது இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

அக்காவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். கூடப்பிறந்தவர்கள் யாராவது ஒரு சிறுநீரகம் கொடுக்க முடியுமா என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். அவள் உடனே, "எனக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் இல்ல" என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் நான் கோபப்பட்டேன். அப்போது சொன்னாள்: "அவகிட்ட சொன்னாலே கேட்ட மாதிரி ஆயிடும். பேச்சு இல்லாம இருந்துட்டு, உடம்புக்கு வந்ததும் போய் நிக்கறதா? அதுவும் அவ குடுக்கறேன்னு சொல்லிட்டா, வேண்டாம்னு சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. வாங்கிக்குவேன். அந்த அசிங்கம் எனக்கு வேண்டாம்."

என்னுடையது பொருந்தவில்லை, ரத்த வகையே வேறு. பொருந்தியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

தயவுசெய்து அக்காவிடம் காட்டாதீர்கள். அவர் ஊகித்ததை ஊகமாகவே விட்டுவிடுங்கள்.

தம்பி

*

ஜூன் 11

அன்புள்ள தம்பிக்கு,

சின்னவளுக்கு உடம்பு எப்படி இருக்கிறது? இனி எல்லாரும் நலம் என்ற வார்த்தையை நாம் இருவரும் எழுத வேண்டாம். உள்ளதை எழுதுவோம்.

நான் காட்டவில்லை. உங்கள் கடிதம் வரவில்லை என்று சொன்னேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் என்பதால் மூன்று தடவை சொன்னேன், அதிலேயே மாட்டிக்கொண்டிருப்பேன். இவள் பத்து நாளாகக் காலையில் குளித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறாள். எங்கே என்றால், "பழைய ஆபீஸ்ல ஒரு வேலை" என்கிறாள். ஓய்வுபெற்று மூன்று வருடம் ஆனவளுக்கு அங்கே என்ன வேலை?

கைதட்டலை முழுக்க எடுத்துவிட்டேன். கணினியில் சத்தம் கோடு கோடாகத் தெரிகிறது. கைதட்டல் வருமிடம் முள்புதர் போலக் கிளம்பி நிற்கும், அதைப் பிடித்து வெட்ட வேண்டும். மொத்தம் அறுபத்தொரு இடம். சில இடத்தில் பாடகர் கடைசி அட்சரத்தை விடும் முன்பே அவசரக்குடுக்கை ஒருவன் தட்ட ஆரம்பித்திருக்கிறான். அங்கே பாட்டு கெடாமல் கைதட்டலை மட்டும் எடுக்க ஒரு பகல் பிடித்தது. எந்த மேடை, எந்த வருடம் என்று இத்தனை காலம் நான் பெருமையடித்த அடையாளமெல்லாம் போய்விட்டது. போகட்டும். சிடியா ஸ்ட்ரீமிங்கா என்று உங்களிடம் சண்டை போட்டதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. சின்னவள் தூங்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று மணி முப்பத்தெட்டு நிமிடத்தில் நிற்கும். மீதி இருபத்திரண்டு நிமிடத்துக்கு ஒன்றும் வைக்கவில்லை.

உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். மதியம் சாப்பிடுகிறீர்களா?

உங்கள் மூத்த சகலை

*

ஜூலை 3

சின்னவளுக்கு,

நலமா என்று கேட்க வேண்டிய இடம் இது. எனக்குத் தெரியும் என்பதால் கேட்கவில்லை.

உன் வீட்டுக்காரர் மேல் கோபப்படாதே. மே மாதம் அவர் எழுதியதை உன் அத்தான் ஒளித்துத்தான் வைத்தார். அவர் ஒன்றை ஒளித்தால் சிடி உறைக்குள் ஒளிப்பார், வேறு இடம் அவருக்குத் தெரியாது. ஏழாவது உறையில் இருந்தது. படித்துவிட்டு அதே இடத்தில் வைத்துவிட்டேன். இன்னும் எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு என் முன்னால் இருமிக்கொண்டே நடமாடுகிறார்.

நீ கேட்கவில்லை. நானாகத்தான் என் பழைய கூடத்தில் போய்ப் பரிசோதித்துக்கொண்டேன். ரத்த வகை ஒன்றுதான், அது எனக்கு முன்பே தெரியும். மற்றதுதான் சரியில்லை. எனக்கு ஒன்பது வருடமாகச் சர்க்கரை. உனக்குத் தெரியாது, அப்போது நான் சொல்லவில்லை, பிறகு நாம் பேசவே இல்லையே. என் சிறுநீரகத்திலேயே புரதம் ஒழுகத் தொடங்கிவிட்டது. டாக்டர் இரண்டு நிமிடத்தில் ஃபைலை மூடிவிட்டார். உங்களுக்கே நாளைக்கு வேண்டியிருக்கும் என்றார். வேறு ஆஸ்பத்திரியிலும் காட்டினேன். அங்கேயும் அதுதான்.

ஆகவே என்னால் கொடுக்க முடியாது. கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தால் வண்டி பிடித்து வந்து உன் கட்டில் பக்கத்தில் படுத்திருப்பேன், கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். வெறுங்கையோடு எப்படி வருவது என்று தெரியாமல் எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பரீட்சைப் பேப்பருக்காகத்தான் உன்னைக் கூப்பிடவில்லை என்று நான் சொன்னது பொய். அம்மா அந்த நாலு நாளும் உன் பேரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். வாய் துடைப்பது நான், துணி மாற்றுவது நான், கூப்பிடுவது உன்னை. எனக்குப் பொறாமை. இன்று ஒருநாள் எனக்கு மட்டும் இருக்கட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று தினமும் நினைத்தேன். பெரிய தப்பு. ஆறு வருடமாக அதை யாரிடமும் சொல்லவில்லை, உன் அத்தானிடம்கூட.

தண்ணீரைக் குறைத்துக் குடி. உப்பைத் தொடாதே.

அக்கா

*

ஜூலை 12

அக்காவுக்கு,

வலது கையால் எழுதுகிறேன். இடது கை மெஷினோடு கட்டியிருக்கிறது. எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தை இன்றைக்குக் காலையில்தான் இவர் என்னிடம் கொடுத்தார், இங்கே வந்து படுத்த பிறகு பிரித்தேன். என்னால் கொடுக்க முடியாது என்று நீ எழுதிய வரி வந்ததும் அழுதுவிட்டேன். அடக்க முடியவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் ஏதோ சாவுச் செய்தி என்று நினைத்து நர்ஸைக் கூப்பிட்டுவிட்டார். அந்த அம்மாள் வந்து, "என்ன ஆச்சு, ஊசி வலிக்குதா?" என்றாள். "இல்ல சிஸ்டர், எங்க அக்காவால குடுக்க முடியாதாம்" என்றேன். அவள் என் தலையைத் தடவி, "கவலைப்படாதீங்க, வேற யாராவது கிடைப்பாங்க" என்றாள். எனக்கு வந்த நிம்மதியை அவளிடம் எப்படி விளக்குவது என்று தெரியவில்லை.

எட்டு மாதமாக உன் நினைப்பு வரும்போதெல்லாம் கூடவே அந்த நினைப்பும் வந்தது. அக்கா என்று நினைத்தால் உடனே, அவளிடம் ஒன்று இருக்கிறதே என்று தோன்றும். அப்படி நினைக்கிற என்னை எனக்கே பிடிக்கவில்லை. உனக்குச் சர்க்கரை என்பது எனக்கு வருத்தம்தான், மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள். ஆனால் அந்த நினைப்பு இன்றைக்குப் போய்விட்டது.

அம்மா விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. பொறாமை என்று நீ எழுதியதால் பாதி குறைந்தது. மீதிப் பாதியை நேரில் திட்டினால்தான் தீரும்.

இப்போது உன்னிடம் எனக்கு வாங்கிக்கொள்ள எதுவும் இல்லை. அதனால் கூச்சமில்லாமல் கேட்கிறேன். வா. செவ்வாய், வியாழன், சனி, காலை ஏழரை மணிக்கு என்னை இங்கே கொண்டுவந்து படுக்கவைத்துவிடுவார்கள். கட்டில் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போடுவார்கள், அதில் இதுவரைக்கும் என் கைப்பைதான் உட்கார்ந்திருக்கிறது.

தங்கை